கண்ணாடியில் இல்லாத சொல்

ஆர்டித் கெஸ்லர் யாரையும் எளிதில் நம்பிவிட மாட்டாள். வார நாட்களில் முட்டைப் பண்ணையில் வேலை. இருட்டறையில் ஒரு விளக்கின் முன் உட்கார்ந்து, ஓடும் பட்டையில் உருண்டு வரும் முட்டைகளை வெளிச்சத்தில் பார்த்து, ரத்தப் பொட்டு உள்ளதையும் விரிசல் விட்டதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் அடங்காது. கடைக்காரன் சிரித்தால் தராசைப் பார்ப்பாள். பாதிரியார் பிரசங்கத்தைச் சீக்கிரம் முடித்தால் அவருக்கு மதியம் எங்கே விருந்து என்று யோசிப்பாள். கணவன் வெர்லின் ஒருநாள் காரணமே இல்லாமல் பூங்கொத்து வாங்கி வந்தபோது, "காரை எங்க கொண்டுபோய் இடிச்ச?" என்றுதான் கேட்டாள். உண்மையிலேயே இடித்திருந்தான்.

அந்தக் குணத்துக்காகத்தான் அவள் கையில் பட்டனைக் கொடுத்தார்கள்.

பிளின்ட் ரன் பந்தயத் தடம் என்பது இண்டியானாவின் தெற்கே சோளக்காடுகளுக்கு நடுவில் நேராகக் கிடக்கும் ஒரு தார்ப்பட்டை, அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் கார்கள் இரண்டிரண்டாக வந்து கோட்டில் நிற்கும், கத்திக்கொண்டு பாயும், மறையும். பந்தயத்தைத் தொடங்கிவைக்கும் பழைய ஸ்டார்ட்டர் முழங்கால் வலி தாங்காமல் ஃப்ளோரிடாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். தடத்தின் சொந்தக்காரர் கிப் ராஷ் வசந்த காலக் கூட்டத்தில் எழுந்து, இனி யார் என்று கேட்டார். ஒருவர் பெயரைச் சொன்னால் இன்னொருவர் முகம் சுளித்தார். அவன் ஃபோர்டு கார் கட்சிக்காரன், இவன் மச்சான் ஓட்டுகிறான், அவன் குடிப்பான். கடைசியில் பின்வரிசையிலிருந்து யாரோ சொன்னார்கள்: "ஆர்டித் கிட்ட கொடுத்துடுங்கப்பா. அவளுக்குத்தான் ஒருத்தரையும் பிடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்டித் சிரிக்கவில்லை. அவள் கணவனும் ஓட்டுகிறவன்தான் என்பது அன்றைக்கு யாருக்கும் பெரிதாகப் படவில்லை. ஏனென்றால் வெர்லின் ஜெயித்து யாரும் பார்த்ததில்லை.

கோட்டுக்கு அப்பால், இரண்டு பாதைகளுக்கும் நடுவில் ஒரு விளக்குக் கம்பம் நிற்கிறது. அதை அங்கே மரம் என்பார்கள். கோட்டில் தரையை ஒட்டி இரண்டு ஒளிக்கற்றைகள் குறுக்கே ஓடுகின்றன. முன்சக்கரம் முதல் கற்றையை மறைத்தால் மரத்தின் உச்சியில் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரியும். கிட்டே வந்துவிட்டாய் என்று பொருள். இன்னும் உருண்டு இரண்டாவதையும் மறைத்தால் அடுத்த விளக்கும் எரியும். வந்து சேர்ந்துவிட்டாய், நில். இரண்டு காருக்கும் இரண்டாம் விளக்கு எரிந்ததும் ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்த, பெரிய மஞ்சள் விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்து பச்சையில் முடியும். பச்சைக்கு முன்பே சக்கரம் கற்றையை விட்டு நகர்ந்தால் சிவப்பு. முதலில் சிவப்பு வாங்கியவன் அங்கேயே தோற்றவன். பிறகு அவன் பறந்து போனாலும் ஒன்றுதான்.

வேகமான கார்தான் ஜெயிக்கும் என்றும் இல்லை. தடத்தைக் கடக்கத் தன் காருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொருவனும் முன்கூட்டியே கணித்துக் காரின் முன்கண்ணாடியில் எழுதி வர வேண்டும். மெதுவான காருக்கு அந்த வித்தியாசத்தை ஈடுகட்டி முதலில் பச்சை விழும். எழுதியதைவிட வேகமாகப் போனாலும் தோல்வி. ஆகவே ஒவ்வொருவனும் மற்றவன் பொய் எழுதியிருக்கிறான் என்று நினைப்பான். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

மற்றதையெல்லாம் கருவி பார்த்துக்கொண்டது. இரண்டாம் விளக்கு எரிவதற்கும் பட்டன் அழுந்துவதற்கும் இடையில் ஒரு மூச்சு நேரம் இருந்தது. அது மட்டும்தான் மனுஷக் கையில். பெரிய ஊர்த் தடங்களில் அதையும் கம்ப்யூட்டருக்கே விட்டுவிட்டார்கள். கிப் அதை வாங்கவில்லை. அந்த ஊரின் சந்தேகம் முழுவதும் அந்த ஒரு மூச்சுக்குள்தான் குடியிருந்தது. சீக்கிரம் அழுத்தினால், கடைசியாக வந்து நின்றவன் இன்னும் மூச்சைக்கூடப் பிடித்திருக்க மாட்டான். தாமதித்தால், முதலில் வந்து நின்றவன் கால் நடுங்கித் தவறிப் பாய்வான்.

ஆர்டித் எல்லோருக்கும் ஒரே அளவு வைத்துக்கொண்டாள். மனசுக்குள் தன் செத்துப்போன நாயின் பெயரை ஒருமுறை சொல்வாள்: பிஸ்கட். சொல்லி முடித்ததும் கட்டைவிரல் இறங்கும். எதிரே பாதிரியார் நின்றாலும் பிஸ்கட்தான், பரம விரோதி நின்றாலும் பிஸ்கட்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விலக்கு இருந்தது. வெர்லின் பள்ளிப் பேருந்துகளைப் பழுது பார்க்கிறவன். நிதானமான ஆள், கையும் நிதானம்தான். விளக்கைப் பார்த்துக் கால் அசைவதற்குள் மற்றவன் போயிருப்பான். அதனால் அவன் 'டீப்' நிற்பான். இரண்டாம் விளக்கு எரிந்த பிறகும் இன்னும் ஒரு உள்ளங்கை தூரம் காரை உருட்டி, முதல் கற்றையைத் தாண்டிப் போய், உச்சி விளக்கு அணையும்படி நிற்பது. அப்போது சக்கரம் இரண்டாம் கற்றையின் விளிம்பிலேயே இருக்கும். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டாலே கற்றையை விட்டு வெளியே வந்துவிடும். மந்தமான காலுக்கு அது ஒரு ஊன்றுகோல். ஆனால் ஒரு உள்ளங்கை கூடுதலாக உருட்டினால் சிவப்பு.

டீப் நிற்பவனுக்காக ஸ்டார்ட்டர் காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்க வேண்டுமென்றால் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் 'டீப்' என்று பெரிதாக எழுதியிருக்க வேண்டும். எழுத்து இருந்தால் உச்சி விளக்கு அணையும்வரை பொறுப்பாள். எழுத்து இல்லையென்றால் பொறுக்கமாட்டாள். அந்தத் தடத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம் அது.

வெர்லின் வருஷக்கணக்காக அந்தச் சொல்லை எழுதி வந்தான், வருஷக்கணக்காகத் தோற்றும் வந்தான். ஆர்டித் கைக்குப் பட்டன் வந்த அந்தக் கோடையில் ஜெயிக்க ஆரம்பித்தான்.

முதல் வெற்றிக்குக் கைதட்டினார்கள். இரண்டாவதற்கு முதுகில் தட்டினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சாண்ட்விச் கடைக்கு வந்தால் வரிசையில் பேச்சு நின்றது.

அதைச் சத்தமாகச் சொன்னவன் லானி ஸ்ட்ராப். பழைய டிராக்டர் விற்பவன். இரண்டு வருஷமாகத் தடத்தின் சாம்பியன்.

"என்ன ஆர்டித், புருஷனுக்குன்னு தனியா ஒரு பட்டன் வச்சிருக்கியாமே?"

"உனக்கும் ஒண்ணு வச்சிருக்கேன் லானி. அழுத்தினா உன் வாய் மூடணும். இன்னும் ரிப்பேர்லயே கிடக்கு."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. லானியும் சிரித்தான். ஆனால் அடுத்த சனிக்கிழமை அவன் மனைவி டோரீன் தோளில் ஒரு வீடியோ கேமராவோடு வந்து பார்வையாளர் படிக்கட்டில் உட்கார்ந்தாள். கேமரா கார்களைப் பார்க்கவே இல்லை. ஆர்டித்தின் கட்டைவிரலையே பார்த்தது. கோடை முழுக்கப் பார்த்தது.

ஆர்டித்துக்கு அது விசித்திரமாக இருந்தது. இத்தனை நாளும் வெளிச்சத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பழகியவள். இப்போது தன்னை யாரோ எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல் உடம்பு கூசியது. முட்டைக்கும் இப்படித்தான் இருக்குமோ என்று ஒருநாள் நினைத்து, உடனே அந்த நினைப்பை உதறினாள்.

வீட்டிலும் ஏதோ சரியாக இல்லை. வெர்லின் பேச்சைக் குறைத்துக்கொண்டான். கோப்பையை ஜெயித்துக்கொண்டு வந்தால் கராஜிலேயே வைத்துவிட்டு உள்ளே வருவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உருளைக்கிழங்கைப் பிசைந்துகொண்டே கேட்டான்:

"நேத்து லானி மச்சானோட ஓட்டினேனே. எனக்குக் கொஞ்சம் கூட நேரம் கொடுத்தியா?"

"ஏன்? பத்தலையா?"

"சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்குற ஆளா நீ?"

அவன் குழம்பை ஊற்றிக்கொண்டான். இன்னும் கொஞ்சம் சலுகை எதிர்பார்க்கிறானோ என்று ஆர்டித் சந்தேகப்பட்டாள். ஊர் சொல்வது பொய்யாக இருப்பதே அவனுக்குக் குறையோ? அன்றிரவு பாத்திரங்களை அவள் கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள்.

செப்டம்பர் முடிவில் லானி ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கிப்பிடம் போனான். ஆர்டித்தையும் கூப்பிட்டார்கள். டிக்கெட் அறைக்குள் எல்லோரும் நின்றுகொண்டே பேசினார்கள்.

"அவளை மாத்துங்க கிப். இல்லன்னா அடுத்த வருஷம் நாங்க பாதிப் பேர் வேற தடத்துக்குப் போயிடுவோம்."

"டோரீன் எடுத்த படத்துல என்ன இருக்கு?" என்று கேட்டார் கிப்.

லானி தொண்டையைக் கனைத்தான். "ஒண்ணும் இல்லை. அதான் சந்தேகமா இருக்கு. அவ்வளவு சுத்தமா எந்த மனுஷன் அழுத்துவான்?"

கிப் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ஏம்மா ஆர்டித், வெர்லின் வர்ற ரவுண்டுக்கு மட்டும் நீ ஒதுங்கிக்கோயேன். நான் அழுத்திக்கிறேன்."

"ஒதுங்கினா இத்தனை நாள் திருடினேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். வேணும்னா மொத்தமா எடுத்துக்குங்க. பாதியா எடுக்காதீங்க."

கிப் ஒரு முடிவுக்கு வந்தார். அக்டோபரில் கடைசிப் பந்தயம். அதுவரை பட்டன் ஆர்டித்திடமே இருக்கும். அன்றைக்கு யாருக்காவது சின்னக் குறை தெரிந்தாலும், அதன் பிறகு அவள் அந்தக் கோட்டுப் பக்கம் வரக்கூடாது.

ஆர்டித்துக்கு அந்த வேலை பிடித்திருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு பக்கமும் இரும்பு உறும, காது மூடியை மீறி நெஞ்சுக்கூடு அதிர, எல்லோரும் தன் ஒரு விரலுக்காகக் காத்திருக்கும் அந்த இடத்தில்தான் அவளுக்கு மனசு சலனமில்லாமல் இருந்தது. பண்ணையில் அவளை யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை. அவள் உட்காரும் இடத்தை வைத்து மூன்றாம் விளக்கு என்றுதான் சொல்வார்கள்.

கடைசிப் பந்தயத்தன்று வெயில் இதமாக இருந்தது. தேவாலயப் பெண்கள் பெர்சிமன் பழப் புட்டிங் விற்றார்கள். காலையிலிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கார்கள் கழிந்துகொண்டே வர, எல்லோரும் பயந்ததுபோல், அல்லது எதிர்பார்த்ததுபோல், கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். இடது பாதையில் வெர்லினின் வெளிர்நீல நோவா கார். வலது பாதையில் லானியின் கறுப்பு டார்ட். ஜெயிப்பவன்தான் வருஷத்தின் சாம்பியன்.

படிக்கட்டில் ஒருவரும் உட்காரவில்லை. டோரீன் கீழே இறங்கி வேலிக் கம்பிக்கே வந்துவிட்டாள். கிப் ஆர்டித்தின் பின்னால் வந்து நின்றார்.

இரண்டு காரும் டயர் சூடேறத் தண்ணீரில் சக்கரத்தைச் சுழற்றிப் புகை கிளப்பிவிட்டு மெதுவாக முன்னே வந்தன. ஆர்டித் வழக்கம்போல் கண்ணாடிகளைப் பார்த்தாள். லானியின் கண்ணாடியில் எண் இருந்தது. வெர்லினின் கண்ணாடியிலும் எண் இருந்தது.

எண் மட்டும்தான் இருந்தது.

அவள் மறுபடியும் பார்த்தாள். இதற்கு முந்தின சுற்றில் 'டீப்' இருந்தது. அவளே பார்த்தாள். இப்போது அந்த இடத்தில் கண்ணாடி பளிச்சென்று கிடந்தது.

லானி துடைத்துவிட்டானா? சுற்றுகளுக்கு நடுவில் அவன் நோவா பக்கம் போனதை அவள் பார்த்திருந்தாள். துடைத்திருந்தால் இது திருட்டு. திருட்டுக்குத் துணை போவதா? அல்லது வெர்லின் பூச்சிக் கறையைத் துடைக்கும்போது மறந்துபோய் அதையும் சேர்த்துத் துடைத்தானா? இத்தனை வருஷத்தில் அவன் மறந்ததே இல்லை. அல்லது வேண்டுமென்றேதான் எழுதாமல் வந்தானா? எல்லோர் கண் முன்னாலும், எழுத்து இல்லாமலே அவள் தனக்காகக் காத்திருக்கிறாளா என்று பார்க்க?

ஸ்டார்ட்டர் ஓட்டுநரிடம் பேசக்கூடாது. வா, நில், பின்னே போ. கையால் இந்த மூன்றைத்தான் சொல்லலாம். கண்ணாடியைச் சுட்டிக் காட்டினாலே சலுகைதான். அவள் வெர்லினின் முகத்தைத் தேடினாள். ஹெல்மெட்டுக்குள் அவன் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு கணம் திரும்புவான்.

லானியின் உச்சி விளக்கு எரிந்தது. வெர்லினின் உச்சி விளக்கும் எரிந்தது. இருவரும் நின்றார்கள். யார் முதலில் உள்ளே போவது என்ற பழைய விளையாட்டு. லானி இஞ்சினை ஒருமுறை உறுமவிட்டு உள்ளே உருண்டான். இரண்டாம் விளக்கு. வெர்லின் உருண்டான். அவனுக்கும் இரண்டாம் விளக்கு.

இனி அவன் இன்னும் ஒரு உள்ளங்கை உருளுவான். அது அவளுக்குத் தெரியும். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். மெதுவான கார் அவனுடையது, அவன் விளக்குதான் முதலில் இறங்கும். இரண்டு மூச்சு பொறுத்தால் உச்சி விளக்கு அணைந்துவிடும், அவன் ஜெயித்தாலும் ஜெயிப்பான். அந்த இரண்டு மூச்சைத்தான் டோரீனின் கேமரா கோடை முழுக்கத் தேடியது.

பிஸ்கட், என்று சொல்லிக்கொண்டாள். அழுத்தினாள்.

முதல் மஞ்சள் விளக்கு எரிந்தபோது நோவா இன்னும் ஊர்ந்துகொண்டிருந்தது. வெர்லின் பிரேக்கை மிதித்தான். கார் முன்பக்கம் குனிந்து குலுங்கியது. சக்கரம் கற்றையை விட்டு நழுவியது. மரத்தின் இடப்பக்கம் சிவப்பு எரிந்தது.

லானி தன் பச்சைக்காகக் காத்திருந்து போனான். அவனுக்கு அது தேவையே இல்லை.

கூட்டத்திலிருந்து வழக்கமான கூச்சல் வரவில்லை. வேலியோரம் டோரீன் கேமராவை இறக்கி, சின்னத் திரையில் ஓடவிட்டுப் பார்த்தாள். பின்னே ஓட்டி மறுபடி பார்த்தாள். அவள் கணவன் திரும்பி வந்து காரிலிருந்து இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்னடி?"

"ஒண்ணுமில்ல. எப்பவும்போலத்தான் அழுத்தியிருக்கா."

லானி ஹெல்மெட்டைக் கழற்றினான். ஜெயித்தவன் முகமாக இல்லை. ஆர்டித்திடம் வந்து, "எழுத்து இல்லன்னாலும் நீ பொறுப்பேன்னு நெனச்சேன்" என்றான். "பொறுத்திருந்தா உன்னை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். எல்லாம் பேசி வச்சிருந்தேன்."

"கண்ணாடியைத் துடைச்சது நீதானே?"

"நானா? அவனே எழுதாம வந்தான்னுல்ல நெனச்சேன்."

"நடிக்காதே. நோவா பக்கம் போனதைப் பார்த்தேன்."

"அவன்கிட்ட டயர் பம்பு வாங்கப் போனேன்மா! எங்க அம்மா மேல சத்தியமா நான் துடைக்கல. நான் எதுக்குத் துடைக்கணும்? துடைச்சா திருடன் நானாயிடுவேனே. நீ திருடுறதைப் பிடிக்கிறதுக்காகத்தானே இத்தனை நாள் உட்கார்ந்திருக்கேன்?"

அது அவளுக்கே சரியாகப் பட்டது. அவள் தேடிக்கொண்டிருந்த விரிசல் லானியிடம் இல்லை.

கிப் அவள் தோளைத் தொட்டார். "பட்டன் உன்னுதுதான். அடுத்த வருஷமும். இனிமே எவனாவது வாயைத் திறக்கட்டும்." சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அவளுக்குப் புட்டிங் வாங்கி வந்து நீட்டினார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தாள்.

வெர்லின் நோவாவை டிரெய்லரில் ஏற்றிச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தான். குனிந்தபோது பின்பாக்கெட்டில் ஒரு துணி தெரிந்தது. அதில் வெள்ளையாக, புதிதாக, ஷூ பாலிஷ் அப்பியிருந்தது.

ஆர்டித் அதை உருவி எடுத்துப் பிடித்தாள்.

வெர்லின் நிமிர்ந்தான். துணியைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

"நானேதான் துடைச்சேன்" என்றான்.

"எனக்குப் பரீட்சை வச்சியா? நான் காத்திருப்பேனான்னு பார்த்தியா?"

"ஆமா."

"நான் காத்திருக்கல. அதனால உனக்குக் கோவம்."

"இல்ல ஆர்டி." அவன் சங்கிலியைக் கீழே போட்டான். "நீ காத்திருந்திடுவியோன்னுதான் பயந்தேன். இத்தனை வருஷம் தோத்தேன். நீ வந்ததும் ஜெயிக்கிறேன். எனக்கே நம்பிக்கை இல்ல. ஒவ்வொரு கோப்பையும் கையில வாங்கும்போது, இது நானா, இல்ல இவளான்னு... கேட்டா நீ உண்மையைச் சொல்லமாட்டேன்னு தோணிச்சு."

ஊர் முழுவதும் சந்தேகப்பட்டபோது அவளுக்கு வலிக்கவில்லை. அவளே யாரையும் நம்பாதவள், மற்றவர்கள் நம்பாததில் என்ன வியப்பு? ஆனால் இவனை மட்டும் அவள் அந்த வரிசையில் வைத்துப் பார்த்ததே இல்லை. அது உண்மைதானா? ஞாயிற்றுக்கிழமை அவன் கேட்ட கேள்வியை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று இப்போது நினைவு வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

"இப்ப தெரிஞ்சுடுச்சா?"

"தெரிஞ்சுடுச்சு. கராஜ்ல இருக்கிறதெல்லாம் என்னுதுதான்."

"சாம்பியன் பட்டம் போச்சே."

"போகட்டும்." அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. கோடை முழுக்க அதைக் காணவில்லை. "வீட்டுக்குப் போனதும் கோப்பைகளை உள்ளே எடுத்து வைக்கலாமா?"

"வை. ஆனா ஒண்ணு. அடுத்த வருஷம் நீ இங்க ஓட்டக்கூடாது."

"ஏன்? எல்லாம் சரியாயிடுச்சே!"

"உனக்குச் சரியாயிடுச்சு. நீ எந்தச் சனிக்கிழமை எதைத் துடைச்சுட்டு வருவியோன்னு நான் கண்ணாடியையே பார்த்துக்கிட்டு நிக்க முடியாது. நான் அந்த இடத்துல நிம்மதியா நிக்கணும். நீ ஆற்றுக்கு அந்தப் பக்கம் கென்டக்கித் தடத்துக்குப் போ."

வெர்லின் வாதாட வாயெடுத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குனிந்து சங்கிலியை இறுக்கினான். டிரெய்லரைப் பூட்டி, லாரியின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். ஆர்டித் மறுபக்கம் ஏறினாள். புட்டிங்கை இருவருக்கும் நடுவில் வைத்தாள். லாரி சோளக்காட்டைத் தாண்டியது.

"அங்க பட்டன் யார் கையில?" என்று கேட்டான் வெர்லின்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆள் நேர்மையானவனா?"

"போய்ப் பாரு" என்றாள் ஆர்டித். "அவனை நீ எவ்வளவு வேணும்னாலும் சந்தேகப்படலாம்."